சின்னவிரல் மலிவு

அலுவலகத்தில் என் கணினிக்குப் பக்கத்தில்
அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறது.
பெருவிரல் முழுதாகப் போனால் இத்தனை வீதம்,
மொளி வரைக்கும் என்றால் அதில் பாதி,
சின்னவிரல் மலிவு.
பேக்கரி மெசின், பலகை அரியும் வாள்,
ஐஸ் பிடித்த படிக்கட்டு
எல்லாம் என்னிடம் வந்து இலக்கமாகிப் போகும்.
பதினொரு வருடம். கை நடுங்குவதில்லை.

வெள்ளி இரவு.
ஸ்காபரோவில் பதினாலாம் மாடி.
கீழே ஸ்னோ தள்ளும் வண்டியின் மஞ்சள் வெளிச்சம்
கூரையில் வந்து வந்து போகிறது.
ரீவியில் குண்டு வெடிக்க
நாற்பத்தொரு நிமிடம் இருக்கிறது.
கதாநாயகன் கதவைப் பூட்டுகிறான்.
கதிரையில் கட்டுண்டிருப்பவனுக்கு
எங்கட நிறம்.
பெயர் தாவூதோ தாரிக்கோ,
எழுதியவர்களுக்கே நிச்சயமில்லை.

முதல் விரல்.
தெரியாது என்கிறான்.
இரண்டாவது.
தெரியாது.
திரையின் மூலையில்
மணிக்கூடு சிவப்பாய்க் குறைகிறது,
பள்ளிக்கூட பஸ் ஒன்றைக் காட்டுகிறார்கள்,
நான் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன்,
மடியெல்லாம் கச்சான் கோது.
'சொல்லித் துலையன்ரா!'

அது என்னுடைய குரல்.

இவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.
இப்படிக் காட்சி வந்தால் எப்போதும் குறைப்பார்.
ஏனென்று நான் கேட்டதில்லை.
எங்கள் வீட்டிலும் ஒரு பைல் இருக்கிறது,
இலக்கம் போடாதது.

எட்டாம் பகுதியில்தான் தெரிந்தது,
ஆள் மாறிவிட்டதாம்.
அதே பெயரில் இன்னொருவன்.
சாம்பல் கோட் போட்ட பெண் அதிகாரி
கடித உறையோடு அவன் வீட்டுக்கு வருகிறாள்.
காசோலையைக் கிட்டக் காட்டினார்கள்.
என் மூளை தானாகக் கணக்குப் பார்த்தது:
மூன்று விரல், வலது கை, தொழில் மின்வேலை,
வயது முப்பத்தைந்து என்று வை.
நித்திரைக்கு அட்டவணையில் இடமில்லை.
'குறைச்சுப் போட்டாங்கள்' என்றேன்,
'இரண்டு மடங்கு கேட்டிருக்கலாம்.'

அவன் தொகையைப் பார்க்கவில்லை.
அந்த மனிசன் இங்கே வருவாரா என்று கேட்டான்.
அவள் சொன்னாள்: கையெழுத்து இந்த இடத்தில்.
இடது கையால் பேனையைப் பிடித்தான்.
அந்த நுணுக்கத்துக்கு மட்டும்
யாரோ மெனக்கெட்டிருந்தார்கள்.

பிறகு அவனைக் காணோம்.
கதாநாயகனுக்குக் கெட்ட கனவு வந்தது,
கதாநாயகன் குடித்தான்,
பிரிந்துபோன மனைவி வந்து
கதாநாயகனின் தலையைத் தடவினாள்.
நோவு முழுவதையும்
அவன் பெயருக்கே எழுதிக்கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அபெலார்டோ போன் எடுத்தார்.
மாப் பிசையும் மெசின், இரண்டு விரல்.
காசு வந்துவிட்டதாம், நன்றியாம்.
'கொம்பனியிலிருந்து ஒருத்தரும்
கதைக்கேல்லை, மிஸ்.'
அதற்கு எங்கள் படிவத்தில் பெட்டி இல்லை என்று
எப்படிச் சொல்வது?
குறித்துக்கொள்கிறேன் என்றேன்.
எதில் குறிப்பது?

மாசி மாதம், மெத்தை விளம்பரம் ஒன்றில்
அந்த நடிகனைக் கண்டேன்.
இரண்டு கையையும் விரித்துச் சிரித்தபடி
கட்டிலில் விழுந்தான்.
எண்ணினேன். பத்து.
நல்ல சந்தோசமாக இருந்தது எனக்கு,
பைத்தியக்காரி மாதிரி.
தெரியாது தெரியாது என்று அலறியதற்கு
மணித்தியாலத்துக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள்?
சோபாவில் இருந்து கத்தியவள்
எவ்வளவு கட்டவேண்டும்?
பஸ்ஸில் பிள்ளைகள் இருந்தார்கள்தான்.
அதையும் போட்டுப் பார்த்தேன்.
கணக்கு நேராகவில்லை.

இரண்டாம் சீசன் தொடங்கிவிட்டது.
'பார்ப்பமா?' என்று இவர்தான் கேட்டார்.
கச்சான் வறுக்கவில்லை.
வந்து இருந்தபோது கவனித்தேன்,
இந்த முறை ரிமோட்
என் பக்கத்துக் கைப்பிடியில் இருக்கிறது.
அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
வலது கை, வழக்கம்போல,
போர்வைக்குள்.